கடைக்கும் தொழிற்சாலைக்கும் சர்வர் அமைப்பது எப்படி: வேலூர் வட்டாரத்துக்கான வழிகாட்டி

எல்லாக் கணினிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் தரவை வைத்திருக்கும் சர்வர் ஒன்றை வாங்கலாம் என்று முடிவெடுத்தவுடன் பெரும்பாலானோர் முதலில் கேட்பது விலைப்பட்டியலைத்தான். அதற்கு முன்பாக ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். சர்வர் நின்றுவிட்டால் நம் தொழில் எத்தனை நேரம் தாங்கும் என்பது முதல் கேள்வி. தரவைக் கடைசியாகப் பிரதி எடுத்துவைத்த பேக்கப்புக்குப் பிறகு பதிந்தவை எல்லாம் அழிந்துபோனால், எவ்வளவு நேரத்து வேலையை மறுபடியும் உட்கார்ந்து பதிந்துகொள்ள முடியும் என்பது இரண்டாவது கேள்வி. எந்த இயந்திரம், எத்தனை டிஸ்க், எவ்வளவு பெரிய யு.பி.எஸ்., சொந்த சர்வரா, இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கிளவுடா என்ற தீர்மானங்கள் அனைத்தும் இந்த இரண்டு விடைகளிலிருந்தே பிறக்க வேண்டும்.

விடை தொழிலுக்குத் தொழில் மாறும். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஒரு மருந்துக் கடையில், புறநோயாளிகள் சீட்டோடு வெளியே வரும் நேரத்தில் பத்து நிமிடம் பில் போட முடியாமல் போனாலும் வரிசை தெருவுக்கு வந்துவிடும். ஆரணியில் அரிசி ஆலை நடத்துபவர் அரை நாள் கையால் பில் எழுதிச் சமாளித்து, மாலையில் கணினியில் ஏற்றிக்கொள்வார். ஆம்பூரில் காலணி ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்கு மாதத்தில் பல நாட்கள் சர்வர் நின்றாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் கன்டெய்னர் புறப்பட வேண்டிய நாளில் பேக்கிங் லிஸ்டும் இன்வாய்ஸும் எடுக்க முடியாவிட்டால் சரக்கு கிடங்கிலேயே நின்றுவிடும். காந்தி ரோட்டில் லாட்ஜ் நடத்துபவர், தங்க வரும் வெளிநாட்டு நோயாளிகளின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுத் தளத்தில் பதிந்தாக வேண்டும். அவருடைய தாங்கும் நேரத்தை அந்தக் கெடுவே நிர்ணயிக்கிறது. விடையை மணிக்கணக்கில் எழுதுங்கள். ‘சீக்கிரம் சரியாக வேண்டும்’ என்று எழுதினால் அதை வைத்து எந்தப் பொருளையும் வாங்க முடியாது.

சர்வருக்குள் நடப்பது

சர்வரை இரும்புப் பெட்டியிலிருந்து விளக்கத் தொடங்கினால் குழப்பமே மிஞ்சும். கேட்பவருக்குப் பதில் சொல்வதற்கென்று எந்நேரமும் காத்திருக்கும் ஒரு நிரல்தான் சர்வர். அந்த நிரல் ஓடுகிற கணினியையும் அதே பெயரால் அழைக்கிறோம். 1990-ஆம் ஆண்டின் இறுதியில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலை சர்வரை ஜெனீவாவை ஒட்டியுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஓட்டியபோது, அது மேசைமேல் வைக்கும் ஒரு நெக்ஸ்ட் கணினியாகத்தான் இருந்தது. இது சர்வர், இதை அணைக்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதிய சீட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டியிருந்தார்கள். நம் கடைகளுக்கும் அந்தச் சீட்டு அவசியம். இரவில் கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவது இங்கே பலருடைய பழக்கம் என்பதால், சர்வருக்கும் அதன் யு.பி.எஸ்.ஸுக்கும் மெயினிலிருந்து தனி லைன் இழுத்து, அந்த லைனின் எம்.சி.பி. சுவிட்சைத் தனியாக அடையாளமிட்டு வைக்க வேண்டும். இரவில் எடுக்க வேண்டிய பேக்கப் சத்தமின்றி நின்றுபோவதற்கு இந்த ஒரு சுவிட்சே காரணமாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

மூன்று கவுன்டர் உள்ள ஒரு மருந்துக் கடையை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது கவுன்டரில் இருப்பவர் மாத்திரையின் பெயரையும் எண்ணிக்கையையும் தட்டி என்டர் விசையை அழுத்துகிறார். அவருடைய கணினி அந்த வேண்டுகோளைச் சிறு பொட்டலமாகக் கட்டி, 192.168.1.10 போன்ற ஓர் உள்முகவரியை அதன்மேல் எழுதி அனுப்புகிறது. எந்த வயரின் மறுமுனையில் எந்தக் கணினி இருக்கிறது என்பதை, வயர்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் என்ற நெட்வொர்க் பெட்டி அறிந்துவைத்திருப்பதால் பொட்டலம் நேராக சர்வருக்குப் போய்ச் சேருகிறது. சர்வரில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் காத்திருப்பதால், யாரிடம் கொடுப்பது என்பதைப் போர்ட் எண் சொல்கிறது: வலைத்தளம் என்றால் 80 அல்லது 443, தரவை அடுக்கிவைத்துத் தரும் தரவுத்தள நிரல்களில் மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர் என்றால் வழக்கமாக 1433, மைஎஸ்க்யூஎல் என்றால் 3306.

தரவுத்தள நிரல் முதலில் கேட்பவர் யார், அவருக்கு இந்த உரிமை உண்டா என்று பார்க்கிறது. பிறகு அந்த மாத்திரையின் இருப்பு வரியைச் சற்று நேரத்துக்குப் பூட்டிவைத்துக்கொள்கிறது. அதே நொடியில் முதல் கவுன்டரிலும் அதே மாத்திரையின் கடைசி அட்டையை விற்க முயன்றால், அந்த வேண்டுகோள் பூட்டு திறக்கும்வரை காத்திருந்து, திறந்தபின் இருப்பு தீர்ந்துவிட்டது என்ற உண்மையைப் பார்க்கும். ஒரே அட்டை இரண்டு பேருக்கு விற்கப்படாமல் இருப்பது இந்தப் பூட்டினால்தான். ‘பில் பதிவானது’ என்று கவுன்டருக்குச் சொல்வதற்கு முன்பாக, செய்யப்போகும் மாற்றத்தை சர்வர் ஒரு பதிவேட்டில், அதாவது லாக் கோப்பில், டிஸ்க்கில் எழுதிவிடுகிறது. இவ்வளவும் சில மில்லி நொடிகளில் நடந்து முடிகிறது. நடுவில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், அந்த லாக்கைப் படித்து, முடிந்த பில்களை முழுமையாக்கி, அரைகுறையாக நின்றவற்றை நீக்கிவிடும். ஆனால் டிஸ்க் தன் தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்ததை எழுதிவிட்டதாகச் சொல்லிவிட்டு, உண்மையில் எழுதுவதற்குள் மின்சாரத்தை இழந்தால் இந்தப் பாதுகாப்பும் உடையும். யு.பி.எஸ். இல்லாத சர்வரில் தரவுத்தளம் கெட்டுப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எல்லா மென்பொருளும் இப்படி வேலை செய்வதில்லை என்பதைத் தெரிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். டாலி என்ற கணக்கு மென்பொருளின் பலபேர் பயன்படுத்தும் உரிமத்தை நம் பக்கத்தில் சாதாரணமாக அமைக்கும் முறையில், தரவுக் கோப்புகள் ஒரு கணினியின் பகிரப்பட்ட ஃபோல்டரில் இருக்கும். ஒவ்வொரு மேசையிலும் ஓடும் டாலி அந்தக் கோப்புகளை நெட்வொர்க் வழியாகத் திறந்து எழுதும். கணக்கிடும் வேலை மேசைக் கணினியில் நடக்கிறது. சர்வர் கோப்பை எடுத்துத் தருவதோடு சரி. ஆகவே இங்கே சர்வரின் பிராசஸரைவிட வயரின் தரமே வேகத்தைத் தீர்மானிக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது வைஃபை ஒரு கணம் அறுந்தாலும் தரவு கெட வாய்ப்பு உண்டு என்பதால், கணக்குப் பிரிவுக்கு வைஃபை வேண்டவே வேண்டாம்.

இதே காரணத்தால்தான் வாணியம்பாடிக் கிளையில் இருப்பவர் வேலூரில் உள்ள ஃபோல்டரை இணையம் வழியாகத் திறந்தால் டாலி நகராமல் நிற்கிறது. ஒரு பக்கம் காட்ட வேண்டுமென்றால் சிறுசிறு துண்டுகளாக நூற்றுக்கணக்கான முறை போய்வர வேண்டியிருக்கும். அத்தகைய இடத்தில் நிரலை சர்வரிலேயே ஓடவிட்டு, அதன் திரையை மட்டும் கிளைக்கு அனுப்பும் ரிமோட் டெஸ்க்டாப் முறைதான் பொருந்தும். விண்டோஸ் சர்வரில் நிர்வாகத்துக்காக இரண்டு ரிமோட் இணைப்புகள் மட்டுமே கூடுதல் உரிமமின்றி அனுமதிக்கப்படுகின்றன. ஊழியர்கள் அன்றாட வேலைக்குப் பயன்படுத்த வேண்டுமானால் ஆளுக்கோ கருவிக்கோ தனி உரிமம் வாங்க வேண்டும். விற்பவர் தரும் மதிப்பீட்டில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த இயந்திரம்

ஐந்தாறு பேர் வேலை செய்யும் கடைக்கு, நல்ல தரமான மேசைக் கணினி ஒன்றில் இரண்டு டிஸ்க் போட்டு சர்வராக ஒதுக்கிவிட்டால் போதுமானது. அதை வேறெந்த வேலைக்கும் பயன்படுத்தக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. விண்டோஸ் 11 ப்ரோவில் பகிரப்பட்ட ஃபோல்டரை ஒரே சமயத்தில் 20 இணைப்புகளுக்குமேல் திறக்க உரிமம் இடம் தருவதில்லை. பத்துப் பேரைத் தாண்டினாலோ, முதல் கேள்விக்கு நீங்கள் எழுதிய விடை ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தாலோ, சர்வர் என்றே தயாரிக்கப்பட்ட இயந்திரத்துக்குப் போய்விடுவது நல்லது.

அந்த இயந்திரத்துக்குக் கூடுதல் பணம் எதற்காக என்றால், முதலாவது இ.சி.சி. வகை ரேம், நினைவகத்தில் ஒற்றை பிட் புரண்டுவிட்டால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். இரண்டு பவர் சப்ளை இருப்பதால் ஒன்று எரிந்தாலும் மற்றது தாங்கும். டிஸ்க்கை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாற்றலாம். இயங்குதளமே கிளம்பாத நிலையிலும் தொலைவிலிருந்து திரையைப் பார்த்து மீட்டெடுக்க ஐ-டிராக், ஐ-லோ போன்ற தனி நிர்வாகப் பகுதியும் உண்டு. சர்வீஸ் ஆள் சென்னையிலிருந்து வர வேண்டிய நிலையில் இந்தக் கடைசி வசதி அரை நாளை மிச்சப்படுத்தும்.

சட்டத்தில் அடுக்கும் ராக் வகையா, தனியாக நிற்கும் டவர் வகையா என்று கேட்பவர்களுக்கு, தனி அறை இல்லாத இடத்தில் டவரே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு யூனிட் உயரமுள்ள ராக் சர்வர் 44.45 மில்லிமீட்டர் மட்டுமே உயரம் கொண்டது. அந்த இடுக்கில் காற்றைத் தள்ளச் சிறிய மின்விசிறிகள் மிக வேகமாகச் சுழல்வதால் எழும் இரைச்சலில் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுத முடியாது. பணம் ஒதுக்கும்போது பிராசஸருக்குக் கடைசி இடமும், ரேமுக்கும் சுழலாத வேக டிஸ்க்கான எஸ்.எஸ்.டி.க்கும் முதல் இடமும் கொடுங்கள்.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு என்ற ஏற்பாடு இருந்தால் பேக்கப் வேண்டாம் என்ற தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ரெய்டு 1 முறையில் இரண்டு டிஸ்க்கில் ஒன்றுபோலவே எழுதப்படும். 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டால் 4 டெராபைட்தான் கிடைக்கும், ஒன்று செத்தாலும் வேலை நிற்காது. ரெய்டு 5 முறையில் அதே அளவு மூன்று போட்டால் 8 டெராபைட் கிடைக்கும், அதிலும் ஒன்று போனால் தாங்கும். ஆனால் ஊழியர் ஒரு ஃபோல்டரைத் தெரியாமல் அழித்துவிட்டால் அது இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். டிஸ்க் பழுதாவதிலிருந்து மட்டுமே ரெய்டு காக்கிறது. அதை பேக்கப் என்று எண்ணிக்கொண்டு பேக்கப் எடுக்காமல் இருப்பவர்கள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருக்கிறார்கள்.

வெயில், தூசி, தோல் தொழிற்சாலைக் காற்று

வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது நாம் ஆண்டுதோறும் பார்ப்பது. பெரும்பாலான சர்வர்களுக்குத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் காற்றின் உச்ச வெப்பம் 35 டிகிரி. ஆஷ்ரே என்ற பொறியாளர் அமைப்பு பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி வரை. இது அறையின் நடுவில் அளப்பதன்று, இயந்திரத்தின் முன்பக்கம் நுழையும் காற்றின் வெப்பம். சர்வர் 200 வாட் மின்சாரம் எடுத்தால் அந்த 200 வாட்டும் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஒரு டன் ஏ.சி. சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் என்பதால் இயந்திரத்தின் சூடு அதற்கு ஒரு பொருட்டன்று. பிற்பகலில் தளத்திலிருந்து இறங்கும் அனல்தான் அறையைச் சுடவைக்கிறது. ஆகையால் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையையும் மேற்குச் சுவர் ஓரத்தையும் தவிருங்கள். தரைத்தளத்தில் வைத்தால் மேடை போட்டு உயர்த்தி வையுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது கரையோரப் பகுதிகள் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

எளிதில் கவனத்துக்கு வராத ஒன்று உண்டு. கரண்ட் போனால் யு.பி.எஸ். சர்வரை ஓட்டும், ஏ.சி.யை ஓட்டாது. கதவு சாத்திய சிறிய அறையில் வெப்பம் வேகமாக ஏறும். பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்குகிறது என்ற மகிழ்ச்சியில், இயந்திரம் அந்த இரண்டு மணி நேரமும் புழுங்கிக்கொண்டிருப்பதை மறந்துவிடக் கூடாது. ஜெனரேட்டர் இருந்தால் அந்த ஏ.சி.யையும் அதில் சேர்த்துவிடுங்கள்; இல்லையென்றால் குறிப்பிட்ட வெப்பத்தில் சர்வர் தானே முறையாக அணைந்துகொள்ளும்படி அமைத்துவிடுங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தோலிலிருந்து முடியை நீக்கும் சுண்ணாம்புப் பிரிவில் சோடியம் சல்ஃபைடு பயன்படுகிறது. அந்தக் கழிவுநீரோடு அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்புகிறது. மனித உயிருக்கே ஆபத்தான அந்த வாயு, மிகக் குறைந்த அளவில் காற்றில் இருந்தாலும் சர்க்யூட் போர்டில் உள்ள செம்பையும் வெள்ளியையும் அரித்துக் கருக்கிவிடும். ஈரப்பதம் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம் பெறும். அத்தகைய இடத்தில் சர்வரை அலுவலகக் கட்டடத்தில், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக, வெளிக்காற்றை உள்ளே இழுக்காத ஏ.சி. அறையில் வைக்க வேண்டும். எக்சாஸ்ட் ஃபேன் போட்டு வெளிக்காற்றை இழுத்து சர்வரைக் குளிரவைப்பது அங்கே முற்றிலும் தவறான வழி. தொழிற்கூடத்துக்குள் கணினி வேண்டுமென்றால் அங்கே திரையும் விசைப்பலகையும் உள்ள சாதாரண முனையம் இருக்கட்டும். தரவு அங்கே இருக்க வேண்டாம்.

யு.பி.எஸ். கணக்கு

யு.பி.எஸ். வாங்கும்போது வி.ஏ. என்ற எண்ணை மட்டும் பார்க்காமல் வாட் எவ்வளவு என்று கேளுங்கள். 1 கே.வி.ஏ., அதாவது 1,000 வி.ஏ., யு.பி.எஸ்.ஸின் பவர் ஃபாக்டர் 0.8 என்றால், பெருக்கி வரும் 800 வாட்தான் அது தாங்குவது. சர்வர் 200, ஸ்விட்ச் 20, ரவுட்டர் 10 என்று மொத்தம் 230 வாட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 26 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்று போட்டால் பெருக்கிவரும் தொகை 936 வாட்-மணி. வேகமாக வெளியேற்றும்போது பேட்டரியில் குறைவதும் மாற்றத்தில் இழப்பதும் போக 600 அளவில் கைக்கு வரும் என்று கொண்டால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். பேட்டரிக்கு வயதாக ஆக இது சுருங்கும். வெப்பமான இடத்தில் வைத்த பேட்டரி இன்னும் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

லேசர் பிரின்டரை இந்த யு.பி.எஸ்.ஸில் சேர்க்கவே கூடாது. சூடேறும் கணத்தில் அது இழுக்கும் மின்சாரம் மொத்த அமைப்பையும் விழவைத்துவிடும். யு.பி.எஸ்.ஸையும் சர்வரையும் யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து, பேட்டரி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் சர்வர் தானாகவே முறைப்படி அணையும்படி அமைக்க வேண்டும். பல கடைகளில் அந்தக் கேபிள் பெட்டிக்குள்ளேயே பிரிக்கப்படாமல் கிடக்கிறது. எர்த்திங்கை எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள்.

வயரிங்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்-6 கேபிள், ஜிகாபிட் ஸ்விட்ச். ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு கட்டடங்களுக்கு இடையே இழுக்கும்போது தூரம் குறைவாக இருந்தாலும் ஃபைபர் போடுங்கள். அதில் மின்சாரம் பாயாது என்பதால் ஒரு பக்கம் விழும் இடி மறுபக்கத்துக்குப் போகாது. சர்வருக்கு மாறாத முகவரியைக் கொடுங்கள். முகவரி மாறினால் மறுநாள் காலையில் யாருக்கும் மென்பொருள் திறக்காது, காரணமும் விளங்காது.

பேக்கப்பும் அதை மீட்டுப் பார்ப்பதும்

நிறைய இடங்களில் ‘தினமும் பேக்கப் எடுக்கிறோம்’ என்ற பதில் கிடைக்கிறது. ‘கடைசியாக எப்போது அதைத் திறந்து பார்த்தீர்கள்’ என்றால் மௌனம்தான் பதில். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பித் தொழில் நடத்த முடியாது.

தரவுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. லாங் பஜாரில் உள்ள ஒரு மொத்த வியாபாரக் கடையில் இதை இப்படி நடைமுறைப்படுத்தலாம். சர்வரில் இருப்பது முதல் பிரதி. தினமும் கடை சாத்தியபின் தானாக எடுக்கும் பேக்கப் ஒரு வெளி டிஸ்க்குக்குப் போகட்டும். அத்தகைய டிஸ்க் இரண்டு வாங்கி, வாரத்துக்கு ஒன்றாக மாற்றி, வேலையில் இல்லாத டிஸ்க்கை முதலாளி காட்பாடியில் உள்ள தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட வேண்டும். இதோடு பேக்கப் கோப்பைப் பூட்டி, அதாவது என்கிரிப்ட் செய்து, கிளவுடுக்கும் அனுப்பலாம். எப்போதும் சொருகியபடியே இருக்கும் டிஸ்க்கைப் பணம் பறிக்கும் வைரஸ் சர்வரோடு சேர்த்தே பூட்டிவிடும் என்பதால், கழற்றி வைத்த ஒரு பிரதி கட்டாயம் இருக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்பை அப்படியே நகலெடுத்தால் அது பாதி பழையதும் பாதி புதியதுமாக வந்து பயனற்றுப் போகும். தரவுத்தளத்துக்கென்று உள்ள பேக்கப் கட்டளையையே பயன்படுத்துங்கள். டாலியிலும் அதற்கான வசதியையே பயன்படுத்துங்கள். இரண்டாவது கேள்விக்கு ‘ஒரு நாள் வேலை போனாலும் பரவாயில்லை’ என்று எழுதியவருக்கு இரவு பேக்கப் போதும். கால் மணி நேரத்து பில்கூடப் போகக் கூடாது என்று எழுதிய மருந்துக் கடைக்காரர், இரவில் முழு பேக்கப்பும், பகலில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை லாக் பேக்கப்பும் எடுக்கும்படி மென்பொருள்காரரிடம் கேட்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டுப் பார்க்க வேண்டும். அதே மென்பொருள் உள்ள வேறொரு கணினியை எடுத்து, நெட்வொர்க் வயரைக் கழற்றிவிட்டு, பேக்கப் டிஸ்க்கைச் சொருகி, தரவை ஏற்றுங்கள். சர்வரில் குறித்துவைத்த மூன்று எண்களோடு ஒப்பிடுங்கள்: கடைசி பில் எண், வங்கிக் கணக்கின் இறுதி இருப்பு, சரக்கு இருப்பின் மொத்த மதிப்பு. மூன்றும் ஒத்துவந்தால் பேக்கப் உயிரோடு இருக்கிறது. தொடங்கியதிலிருந்து முதல் பில் போடும்வரை எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள். முதல் கேள்விக்கு நீங்கள் ‘ஒரு மணி நேரம்’ என்று எழுதியிருந்து, இங்கே நான்கு மணி நேரம் ஆனால், மாற்று இயந்திரம் ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று பொருள்.

வெளியிலிருந்து வரும் ஆபத்து

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வானாக்ரை வைரஸ் பல நாடுகளில் மருத்துவமனைகளையும் தொழிற்சாலைகளையும் முடக்கியது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, வெளியிட்டிருந்தது. அப்டேட்டைத் தள்ளிப்போட்ட கணினிகளே அதிகம் மாட்டின. ஆதரவு முடிந்த இயங்குதளத்துக்கு வழக்கமான அப்டேட் வராது: விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு 2023 அக்டோபரில் வழக்கமான ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது.

வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் 3389 என்ற ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவது மிகவும் ஆபத்தானது. திறந்த போர்ட்டைத் தேடிக் கடவுச்சொல்லை மாற்றி மாற்றி முயலும் தானியங்கி நிரல்கள் உலகெங்கும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலில் வி.பி.என். என்ற பூட்டிய இணையப் பாதை வழியாக உள்நெட்வொர்க்குக்குள் வந்து, அதன்பின் சர்வரைத் திறக்கும்படி அமைக்க வேண்டும்; அதற்கு இரண்டாம் கட்டக் குறியீடும் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஊழியருக்கும் தனி லாகின் கொடுங்கள். வேலையை விட்டு நிற்பவரின் லாகினை அன்றே மூடுங்கள். நிர்வாகி லாகினில் உட்கார்ந்து பில் போடக் கூடாது. நோயாளியின் பாஸ்போர்ட் நகலை வைத்திருக்கும் லாட்ஜ்களிலும், பரிசோதனை முடிவுகளை வைத்திருக்கும் லேப்களிலும் அந்த ஃபோல்டரை யார் திறக்கலாம் என்பதை இரண்டு மூன்று பேரோடு நிறுத்திவிடுவது, நம்மை நம்பித் தொலைதூரத்திலிருந்து வந்தவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

சட்டம் கேட்பவையும் உண்டு. நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவான கம்பெனி, கணினியில் வைத்துள்ள கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் நாள்தோறும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்ட் மாதத்தில் விதி திருத்தப்பட்டது. பதிவில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் நாளோடு காட்டும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு நடைமுறையில் உள்ளது. ஜி.எஸ்.டி. பதிவேடுகளை அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கெடுவிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். சர்வரில் யார் எப்போது நுழைந்தார்கள் என்பது போன்றவற்றைக் குறித்துவைக்கும் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு. உங்கள் நிறுவனத்துக்கு இவற்றில் எவை பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தமா, கிளவுடா

கிளவுட் என்பதும் வேறொருவர் கட்டடத்தில் ஓடும் சர்வர்தான். மைக்ரோசாஃப்ட்டின் அஸ்யூர் தென்னிந்திய மையம் சென்னையில் இருக்கிறது. அமேசானுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் மையங்கள் உண்டு. மின்சாரம், குளிரூட்டல், டிஸ்க் பழுது ஆகிய கவலைகளை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். யாருக்கு எந்த லாகின், பேக்கப் எங்கே என்ற பொறுப்பு நம்மிடமே இருக்கிறது. பல ஊர்களில் கிளை உள்ளவருக்கும், ஆன்லைனில் விற்பவருக்கும், உலாவியில் திறக்கும் மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கும் கிளவுட் பொருந்தும். இணையம் அறுந்தால் கவுன்டரே நின்றுவிடும் தொழிலுக்கு சர்வர் கடைக்குள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு. அவர்கள் பேக்கப்புக்கு மட்டும் கிளவுடை வைத்துக்கொள்ளலாம். கிளவுடுக்கே போவதென்றால் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பை வாங்குங்கள். இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரே கிளை முறிந்து இரண்டும் அறுந்துபோகும் என்பதால், ஒன்று ஃபைபராகவும் மற்றது 4ஜி அல்லது 5ஜி ஆகவும் இருக்கட்டும். வாடகையை ஐந்து ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்து, சொந்த சர்வரின் விலையோடு மின்கட்டணம், ஏ.சி., பேட்டரி மாற்றம், பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். சர்வரின் முகவரி, உரிம எண்கள், வாரண்டி முடியும் நாள், பேட்டரி மாற்றிய நாள், மீட்டுப் பார்த்த நாளும் ஆன நேரமும், சர்வீஸ் ஆளின் கைபேசி எண் ஆகியவை அதில் இருக்கட்டும்; கடவுச்சொற்களை மட்டும் அதில் எழுதாமல், மூடி ஒட்டிய உறையில் பீரோவில் வைத்துவிடுங்கள். கணினி பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் ஊரில் இல்லாத நாளில் இந்த நோட்டுதான் கடையைத் திறக்க உதவும்.

வாரண்டி முடிந்து பழுதுகள் தொடங்கும்போது சர்வரை மாற்றுவது சரி. பழையதைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். கோப்பை அழிப்பதோ ஃபார்மேட் செய்வதோ போதாது. தகவல் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே இருக்கும். சுழலும் டிஸ்க்கை முழுமையாக மேலெழுதும் நிரலால் துடையுங்கள். எஸ்.எஸ்.டி.யைத் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளையால் துடையுங்கள். இயங்காமல் போன டிஸ்க் என்றால் அதன் தட்டுகளையும் சிப்புகளையும் டிரில்லால் துளைத்துவிடுங்கள். அதன்பின் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் இயந்திரத்தையும், புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழைய ஈய பேட்டரிகளையும் ஒப்படைத்து, ரசீதை அந்த நோட்டில் ஒட்டிவிடுங்கள்.